கருப்பு ஸ்லாட் போர்டும் ரெஜினாவின் இடது காலும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதாம். என் வீட்டுக்காரர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். மேலே கிரீமில் 25 என்று எழுதியிருந்தது. என்ன கிழித்துவிட்டோம் என்று இதற்கு ஒரு கேக்? ஜெயிலில் இருப்பவனைக்கூட இத்தனை வருஷத்தில் வெளியே விட்டிருப்பார்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மனுஷன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார். மகள் மீரா ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ரெஜினா வீடியோவில் வந்தாள். ரெஜினா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் ரூமில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவளும் வேலூரில் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் படித்தோம். எனக்கு மிச்சமிருக்கிற சிநேகிதி அவள் ஒருத்திதான்.

"இன்னாடி, கேக்கெல்லாம் அமர்க்களமா இருக்கு?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே, "சிஸ்டம் போய்டுச்சு மல்லிகா" என்றாள்.

எந்த சிஸ்டம் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலத்தில் எழுதிய புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். இங்கே என் மகளுக்குப் போன வருஷத்துப் போன் கையில் இருந்தாலே மானம் போகிறது. அங்கே ஒரு பழுப்பேறிய டப்பா, குண்டு மானிட்டரோடு, தினம் காலையில் பீப் என்று எழுந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அது பார்த்த வேலை, ஜோடி சேராத கால்களுக்கு ஷூ வரைவது. போலியோ வந்த கால், சர்க்கரையில் விரல் எடுத்த கால், விபத்தில் குட்டையாகிப்போன கால். ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டோடு ஆட்கள் வருவார்கள். காலை ஒரு பலகைமேல் வைக்கச் சொல்லி, ஒயர் கட்டிய பேனாவால் சுற்றி வரைந்தால் அந்தக் கோடு அப்படியே திரையில் வரும். இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு வேறு அளவு. அந்தப் பலகையின் ஒயர் போய்ச் சேருவது ஒரு கார்டில். அந்தக் கார்டைச் சொருக நீளமான கருப்பு ஸ்லாட் வைத்த மதர்போர்டு வேண்டும். இப்போது வருகிற எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த ஸ்லாட் கிடையாது.

"போர்டு வெந்துபோச்சு டி. மெட்ராஸ் ரிச்சி தெருவுல கடை கடையா ஏறி இறங்கினேன். மியூசியத்துல போய்க் கேளுக்கான்றான் ஒருத்தன்."

"கம்பெனியில இன்னா சொல்றாங்க?"

"புது மேனேஜரு மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள ஓடலைன்னா ஜோடி இல்லாத ஆர்டரே வேணாமாம். ரூமை ஸ்டோரா மாத்திடுவாங்க. நான் பேஸ்டிங் லைனுக்குப் போகணும்."

பேஸ்டிங் லைன் என்றால் நாள் பூராவும் நின்றுகொண்டே பசை தடவுகிற வேலை. ரெஜினாவுக்குக் குழந்தையிலேயே போலியோ. இடது கால் சூம்பிப்போய், பாதமே சின்னது. அவளால் ரேஷன் கடை வரிசையிலேயே நிற்க முடியாது.

"உன் வேலையே அதானே? அங்க பழைய சிஸ்டமா வந்து கொட்டுதுன்னு சொல்வியே. ஒரே ஒரு போர்டு அனுப்புடி" என்றாள்.

2

ஆமாம், என் வேலை அதுதான். ஊரில் நான் கம்ப்யூட்டரில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பொய் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஷெட்டில், ஸ்க்ரூடிரைவர் வைத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போடுகிறேன். இரும்பு ஒரு தொட்டி, பிளாஸ்டிக் ஒரு தொட்டி, பச்சை போர்டு எல்லாம் ஒரு தொட்டி.

வந்த புதிதில் புரோகிராம் எழுதும் வேலைக்கு அலைந்தேன். சர்டிபிகேட்டுக்கு அங்கீகாரம் வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் கொடுத்தேன். படித்த இடத்திலிருந்து நேரடியாகக் கடிதம் வர வேண்டும் என்றார்கள். எங்கள் சென்டர் இழுத்து மூடி, அந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. பிரியாணிக் கடை பாயிடம் கையெழுத்து வாங்கியா அனுப்ப முடியும்? நிறுவனத்தைக் கண்டறிய இயலவில்லை என்று பதில் போட்டு ஃபைலை மூடிவிட்டார்கள். நான் படித்ததே இல்லை என்று ஆகிவிட்டது.

ஆனால் படித்தோம். எப்படிப் படித்தோம் என்று எனக்குத் தெரியும்.

வேலூர் சத்துவாச்சாரியில் மாடி மேல் சென்டர். உள்ளே ஏசி. தூசி போனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலில்கூட நாங்கள் அவ்வளவு பயபக்தியோடு கழற்றியதில்லை. முதல் வாரம் ஒருநாள் வெளியே வருகிறேன், ஒரு செருப்பு பெரிசு, பக்கத்தில் ஒன்று சின்னது. "ஐயையோ, யாரோ மாத்திப் போட்டுக்கினு போய்ட்டாங்க" என்று கத்தினேன். பின்னால் நின்ற பெண் அமைதியாகச் சொன்னாள். "யாரும் மாத்தலைங்க. ரெண்டும் என்னுதுதான்."

அப்படித்தான் ரெஜினா எனக்குப் பழக்கமானாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கொன்றாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுவாள். அவள் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில்தான் வேலை. ஊரே உலகத்துக்கு ஷூ தைக்கிறது, எனக்கு மட்டும் ஒரு ஜோடி கிடையாது என்பாள்.

சென்டரில் இருந்த மெஷின்கள் எல்லாம் எங்கேயோ கம்பெனிகள் கழித்துவிட்டவை. சிட்டியில் எல்லாரும் மவுஸ் பிடித்துச் சொடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் நீலத் திரையில் சி மொழி படித்தோம். ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி தட்டுவாள், ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கிராஃப் பேப்பரில் புள்ளி வைப்பாள். கோடு, வட்டம், கலர் என்று படம் போடுகிற பாடம் சிலபஸிலேயே கிடையாது. சாரைக் கேட்டால் "அதெல்லாம் விளையாட்டும்மா, சம்பள பில் போடுங்க" என்பார். அவருக்கும் தெரியாது, பாவம். ஹெல்ப் பட்டனை அமுக்கி, வருகிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து நாங்களே கற்றுக்கொண்டோம்.

முதல் முதலாகக் கருப்புத் திரையில் ஒரு மஞ்சள் வட்டம் வந்த அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சலில் சார் ஓடி வந்தார். என்ன பெரிய வட்டம்! பொங்கலுக்கு வாசலில் எத்தனை வட்டம் போட்டிருப்போம். ஆனாலும் இது நாங்கள் சொல்லி, மெஷின் கேட்டு, வந்த வட்டம். அந்தச் சந்தோஷம் அதற்கப்புறம் எனக்கு எதிலும் வரவில்லை. என் கல்யாணத்திலும் வரவில்லை, இங்கே பாஸ்போர்ட் கையில் கொடுத்த அன்றைக்கும் வரவில்லை.

3

ரெஜினா பேசிய மறுவாரமே போர்டு கிடைத்தது.

ஏதோ பழைய அச்சகத்தைக் காலி செய்து அனுப்பியிருந்தார்கள். ஒரு டப்பாவை நான் பிரித்து, பவர் சப்ளையையும் டிஸ்க்கையும் மூடியையும் தொட்டிகளில் வீசிவிட்டு, கடைசியாக போர்டைக் கையில் எடுத்தேன். நீளமான கருப்பு ஸ்லாட்கள், வரிசையாக.  துணியால் துடைத்துக்கொண்டு நேராக சூப்பர்வைசர் யுர்கனிடம் போனேன்.

அவன் நல்லவன். அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டாவது தூங்கலாம். படபடப்பு வந்தால் எனக்கு ஜெர்மனில் நீ, நீங்கள் எல்லாம் குழம்பிவிடும். பெரியவர்களைப் பேசுவதுபோல் ஆரம்பித்து, தெருப் பிள்ளையிடம் பேசுவதுபோல் முடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இந்தக் கேட்டுக்குள் வந்துவிட்டால் அது குப்பை. குப்பை நகராட்சிக்குச் சொந்தம். ஒரு ஸ்க்ரூ எடுத்துக்கொண்டு போனாலும் திருட்டு. உனக்கே தெரியும், போன வருஷம் ஒருவர் ரேடியோ எடுத்துக்கொண்டு போய் வேலையை விட்டுப் போனார்."

"என் சிநேகிதிக்கு. ஆஸ்பத்திரி ஷூ செய்வதற்கு" என்றேன்.

"எங்கே இருக்கிறாள்?"

"இந்தியாவில்."

அவன் முகம் சுருங்கியது. "அப்படியானால் இன்னும் மோசம். எலக்ட்ரானிக் குப்பையை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. சட்டம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிக் கேள். மேலே அனுப்புகிறேன்" என்றான். போர்டில் என் பெயர்ச் சீட்டு ஒட்டித் தன் அலமாரியில் வைத்தான்.

4

அந்த நாட்களில் எனக்கு நாங்கள் போட்ட முதல் பாதப் படம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ரெஜினா ஒருநாள் கிராஃப் பேப்பர் இரண்டைச் சேர்த்து ஒட்டி, தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். "வரைடி" என்றாள். நான் குனிந்து அவளுடைய இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்தேன். விரல் மேலே, குதிகால் கீழே. இடது பக்கம் சின்னக் கால், வலது பக்கம் பெரிய கால். புள்ளி புள்ளியாக எண்ணி, ஒவ்வொரு புள்ளியையும் தட்டி ஏற்றினோம். நடுவில் கரண்டு போய் எல்லாம் அழிந்து, மறுபடியும் முதலிலிருந்து. "இன்னாடி பேஜாரு இது" என்று தலையில் அடித்துக்கொண்டே ஏற்றினோம்.

அதைக் கம்பெனியில் போட்டுக் காட்ட, அவள் அப்பா பழைய மேனேஜரிடம் கெஞ்சி ஒருநாள் வாங்கிக் கொடுத்தார். ஆம்பூர் கம்பெனி ஆபீஸ் ரூமில், அவர்களுடைய சம்பள பில் போடும் கம்ப்யூட்டரில் எங்கள் ஃப்ளாப்பியைப் போட்டோம். மேனேஜர் வருகிற நேரம் பார்த்தால் பாதம் இரண்டும் தலைகீழாக நிற்கிறது. பேப்பரில் கீழேயிருந்து மேலே எண்ணுவோம். திரையில் மேலேயிருந்து கீழே எண்ண வேண்டும். பதட்டத்தில், திருப்பிக் கணக்குப் போடுகிற வரி இல்லாத பழைய ஃப்ளாப்பியைக் கொண்டுவந்திருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரெஜினா என்ன செய்தாள் தெரியுமா? குண்டு மானிட்டரை இரண்டு கையாலும் தூக்கி, அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டாள். விரல் மேலே வந்துவிட்டது. குதிகால் கீழே. கச்சிதம்.

மேனேஜர் உள்ளே வந்தார். கவிழ்ந்த மானிட்டரைப் பார்த்தார், ரெஜினாவின் காலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ஏம்மா, பாதமெல்லாம் நேராத்தான் இருக்கு. ஆனா கால் மாறிப்போச்சே" என்றார்.

மானிட்டரைக் கவிழ்த்ததில் இடது பக்கம் இருந்தது வலது பக்கம் போய்விட்டது. திரையில் இடது கால் பெரிசாக, முழுசாக, நன்றாக இருந்தது. சூம்பியது வலது கால். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மானிட்டரைக் கவிழ்க்கத் துணிந்தவள் எதையும் செய்வாள் என்று அங்கேயே அவளுக்கு வேலை கொடுத்தார். பலகையும் ஒயர் பேனாவும் அப்புறம் வாங்கிப் போட்டார். இரண்டு பேரும் வாருங்கள் என்றுதான் சொன்னார். எனக்கு ஜெர்மனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது.

திரும்பி பஸ்ஸில் வரும்போது ரெஜினா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அரை நிமிஷம் என் இடது காலு நல்லா ஆயிடுச்சு இல்லடி? ஃபுல்லா இருந்துச்சு. பார்த்தியா?"

பார்த்தேன் என்றேன்.

5

விண்ணப்பம் எழுத மீராவைக் கூப்பிட்டேன். அவள் ஜெர்மன் இந்த ஊர் ஜெர்மன். என்னுடையது ஷெட் ஜெர்மன். காரியம் கெட்டுவிடக் கூடாதே.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பாதியிலேயே பேனாவை வைத்துவிட்டாள்.

"அம்மா, இது தப்பு. நாங்க ஸ்கூல்ல ப்ராஜெக்ட் பண்ணினோம். நம்ம குப்பையை ஏழை நாட்டுல கொண்டுபோய்க் கொட்டுறோம். அங்க குழந்தைங்க அதை எரிச்சு மூச்சு முட்டிச் சாகுது. அவங்க நாடு நமக்குக் குப்பைத்தொட்டி இல்ல."

"அவங்கன்னா யாருடி?" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது. "நம்மன்னா யாரு?"

அவள் விழித்தாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. திமிரில் பேசியிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். அவள் மனசார, நல்ல பிள்ளையாக, என் ஊர்க் குழந்தைகளுக்காக வருத்தப்பட்டாள். என் ஊரை என்னிடமிருந்து காப்பாற்றப் பார்க்கிறாள். இதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"ரெஜினா ஆன்ட்டிக்குக் கால்..." என்று ஆரம்பித்தேன்.

"புது கம்ப்யூட்டர் வாங்கிக்கச் சொல்லும்மா. பழசு கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்" என்று எழுந்து போய்விட்டாள். என் ஊர்ப் பேச்சில் ஜாஸ்தி என்ற வார்த்தை மட்டும் அவளிடம் ஒட்டியிருக்கிறது. 

வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேலைக்கு உலை வச்சுக்காதே" என்றார். நானே எழுதினேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், மூன்று தடவை அடித்துத் திருத்தி.

ரெஜினா தினமும் என் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடுவாள். எனக்கு மத்தியானம், அவளுக்குச் சாயங்கால டீ. "வந்துச்சா?" என்பாள். "வந்துரும்" என்பேன். ஒருநாள் ரூமைக் காட்டினாள். பலகைமேல் அவள் துணி போட்டு மூடியிருந்தாள். வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தார். "அடுத்த வாரம் வாங்க ஐயா, வெளிநாட்லேர்ந்து சாமான் வருதுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். வெளிநாட்டுச் சாமான் நான்தான்.

6

பதில் வந்தது. மரியாதையான பதில். அந்தப் பொருள் குப்பை அல்ல, உபயோகத்தில் உள்ள பொருள் என்று நிரூபித்தால் பரிசீலிக்கலாம். அதற்கு, அது வேலை செய்கிறது என்று சோதித்த சான்று வேண்டும்.

"எப்படிச் சோதிப்பது?" என்று யுர்கனைக் கேட்டேன்.

"அது இருந்த கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்" என்றான்.

அது இருந்த கம்ப்யூட்டரை நான்தான் பிரித்து மூன்று தொட்டியில் போட்டேன். லாரி வந்து அள்ளிக்கொண்டு போயே நாளாகிவிட்டது. யுர்கன் தோளைக் குலுக்கினான். வருத்தமாகத்தான் குலுக்கினான். அன்றைக்கே என் பெயர்ச் சீட்டைப் பிய்த்துவிட்டு போர்டைப் பச்சைத் தொட்டியில் கொண்டுபோய் வைத்தான்.

என்னால் முடியவில்லை. இந்த இருபத்தைந்து வருஷத்தில் நான் இந்த நாட்டில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. குப்பையைத் தப்பான டப்பாவில் போட்டதில்லை. எனக்கு என்ன கொடுத்தார்கள்? சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் போகக் காத்திருந்து, தொட்டியிலிருந்து போர்டை எடுத்து, சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தேன். வேலை போனால் போகட்டும். தெரிந்த ஒருவர் அடுத்த வாரம் சென்னை போகிறார். பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? மாசக் கடைசிக்கு ஒன்றிரண்டு நாள் தாண்டும். மேனேஜர் காலில் விழச் சொல்ல வேண்டியதுதான்.

ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று நானே ரெஜினாவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கியது. "எடுத்துட்டேன் டி" என்றேன். "போர்டை எடுத்துட்டேன். வந்துரும்."

 அவள் பின்னால் ஒரே மெஷின் சத்தம். டிசைன் ரூமில் அந்தச் சத்தம் கேட்காது. அவள் தலையில் லைன் ஆட்கள் போடும் நீலத் தொப்பி இருந்தது.

"மல்லிகா, அது நேத்தே போய்டுச்சு டி."

"எது?"

"சிஸ்டம். ஸ்டோருக்கு இடம் பத்தலையாம், அதான் முன்னாடியே காலி பண்ணிட்டாங்க. காயலான் கடைக்காரன் வந்து பலகை, டப்பா எல்லாத்தையும் சேர்த்து எடை போட்டுக்கினு போய்ட்டான். உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரல."

"அதுல இருந்த காலெல்லாம்?" என்றேன். என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ பேருடைய கால்கள் அதில் இருந்தன. அவளுடையதும் இருந்தது.

"இன்னா பண்றது" என்றாள். போனைக் கீழே சாய்த்துக் காட்டினாள். லைனில் எல்லாருக்கும் கம்பெனியே ஒரே மாதிரி ஷூ கொடுக்கிறதாம். கருப்பு ஷூ, புதுசு, இரண்டும் ஒரே சைஸ். "இடதுல வேஸ்ட் துணி அடைச்சு வச்சிருக்கேன். நடந்தா டப்பு டப்புன்னு சத்தம் வருது. பசங்க சிரிக்குதுங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. வாயில் துப்பட்டா முனையை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள். "வண்டியில ஏத்தும்போது மானிட்டரைக் கவுத்துப் போட்டாங்க டி. தலைகீழா. நான் பின்னாடியே கேட்டு வரைக்கும் போனேன். சும்மா, ஒரு நிமிஷம் பார்க்கலாமேன்னு."

"பார்த்தியா?"

"பார்த்தேன். ஒண்ணும் இல்ல. கரண்ட் இல்லாம அதுல இன்னா தெரியும்?"

அங்கே பெல் அடித்தது. "வர்றேன் டி" என்று எழுந்தாள். போனை அணைக்க மறந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டே போனாள். தரை ஆடி ஆடித் தெரிந்தது. அந்த டப்பு டப்பு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் உள்ளே போய், யாரும் வருவதற்குள், டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து போர்டை எடுத்துப் பச்சைத் தொட்டியில் போட்டேன்.